அம்மாயியின் கைநாட்டும் தங்கச்சியின் கடிதமும்

அன்புள்ள ஐயா,

60 வயது தாண்டியவர்களில் ஆரம்பக் கல்வியாவது பெற்றவர்கள் எத்தனை பேர் என்று இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிட்ட கட்டுரை ஒன்றை வாசித்தேன். நாம்தான் எங்கேயோ முன்னால் நிற்கிறோம். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்த எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கைநாட்டு. 1973இல் கப்பலேறித் தமிழ்நாட்டின் கோத்தகிரிக்குப் போன அவருடைய தங்கச்சியோ பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவார். கணக்குப் பிழையா, எங்கள் குடும்பம் பிழையா?

ஓர் ஆசிரியை, கொட்டகலை

அன்புள்ள டீச்சர்,

இரண்டும் சரி. 1953 கணக்கெடுப்பில் இலங்கையில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 65 பேர்; இந்தியாவில் 1951இல் 18 பேர். இன்றைய கிழவர்களின் கணக்கு அங்கே தொடங்குகிறது. ஆனால் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடம் தோட்டத்தை நடத்திய துரைமாரின் கையிலேயே இருந்தது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில். அதற்குள் உங்கள் அம்மாயிக்கு முப்பது வயதாவது ஆகியிருக்கும். நாட்டுச் சராசரியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் கரைந்துபோகின்றன, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். மூன்றாம் வகுப்பை வாய்ப்பாடு சொல்ல விட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்பின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதுவிப்பார். ஐந்தோடு சரி. ஆறுக்கு டவுனுக்குப் போகவேண்டும், யார் விடுவார்கள்?

என் அம்மா மூத்த பெண்ணாய்ப் பிறந்ததால் இரண்டாம் வகுப்போடு நின்றவர். கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும், கொஞ்சம் வளர்ந்ததும் அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் கூலிக்கு, மலைக்கு. எழுத்து கடைசிவரை வரவில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கணக்கப்பிள்ளை ஒரு றாத்தல் குறைத்துச் சொன்னால், "ஐயா, இன்னொருக்கா போட்டுப் பாருங்க" என்பார். கணக்கெடுக்க வந்தவர் அம்மாவின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

தங்கச்சி எழுதக் கற்றுக்கொண்டது எங்கே? கப்பலேறும்போது அவர் வளர்ந்த பெண். அக்காவைப் பிள்ளை பார்க்க நிறுத்திய வீட்டில் தங்கச்சி பள்ளிக்கூடம் போயிருப்பார். எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் அப்படித்தான் நடந்தது. கொட்டகலையில் கற்ற எழுத்து இன்று தமிழ்நாட்டுப் பாட்டியின் படிப்பாக இந்தியக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் பக்கம் எழுதிவைத்தது. இந்தியாவின் கோடிகளில் அது ஒரு துளி. நம்மவர்களிலோ ஏறத்தாழ பாதிப் பேர்.

இன்னொன்று: 60க்கு மேல் எல்லாரையும் ஒரே கூடையில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1940இல் பிறந்தவரும் 1950இல் பிறந்தவரும் ஒன்றா? இரண்டாமவர் பள்ளிக்கூடம் போகும் வயதில், 1956இல், காமராசர் மதியச் சோறு போடத் தொடங்கிவிட்டார். பசிக்கு வந்த பிள்ளைகள் எத்தனை! ஒப்பிடுவதென்றால் ஒரே வயதுக்காரர்களை, அதிலும் பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிடவேண்டும்.

உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். லயத்தில் உள்ள ஒவ்வொரு பாட்டியிடமும் எந்த வகுப்பில் நின்றார், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு வரட்டும். கோத்தகிரிக்கு நீங்களே எழுதுங்கள். அவர் கைப்படப் பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.