ரவி வர்மா படத்துக்குக் கோடி கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் ரவி வர்மாவின் சரஸ்வதி படம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் அவர் கையெழுத்து உண்டு. விளிம்பைத் தடவினால் துணியில் வரைந்தது போலச் சொரசொரப்பு. புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறார்கள். பார்க்க வந்த வியாபாரி, 'ஜரிகையைப் பிரித்துவிட்டால் ஒரிஜினல் பெயின்டிங் என்றே விற்கலாம்' என்கிறார். ரவி வர்மா ஓவியம் கோடிக்கணக்கில் போனதாகப் படித்தேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் அனுப்பி விற்கலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் அந்த வியாபாரியை அனுப்பிவிடுங்கள். ஜரிகையில் யாரும் கை வைக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பது ஓலியோகிராஃப் என்னும் அச்சுப் படம். நிறத்துக்கு ஒரு கல் என்று தனித்தனியாகக் கற்களில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் அச்சிடுவார்கள். அப்புறம் வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியத்தின் துணி இழை போலத் தெரிய அழுத்தம் கொடுப்பார்கள். உங்கள் விரலில் படுவது அந்தச் சொரசொரப்புதான். கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானது. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து முகத்தையும் கையையும் பாருங்கள். பழைய கல்லச்சு என்றால் புள்ளிகள் பொடிமணல் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்ன வட்டங்களாக நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. பழைய சட்டத்துக்குள் புது அச்சைப் போட்டு விற்பதும் நடக்கிறது. சட்டத்தின் வயதை வைத்துப் படத்தின் வயதைச் சொல்ல முடியாது.

கோடி விஷயம். 2023-இல் மும்பை ஏலம் ஒன்றில் 'யசோதையும் கிருஷ்ணனும்' 38 கோடி ரூபாய்க்குப் போனது. அது ரவி வர்மா தன் கையால் தீட்டிய எண்ணெய் ஓவியம், உலகத்தில் ஒன்றே ஒன்று. உங்கள் சரஸ்வதி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனவள். இந்த அச்சுகளுக்கு ஆயிரங்களில்தான் விலை பேசுவார்கள். அபூர்வமான படம், நல்ல நிலை என்றால் லட்சத்தைத் தொடலாம். கோடி என்று ஆசை காட்டுபவர் உங்களையோ உங்களிடமிருந்து வாங்கப் போகிறவரையோ ஏமாற்றப் பார்க்கிறார்.

ஆனால் 'வெறும் அச்சுதானே' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓவியங்களை அச்சடித்துப் பரப்பும்படி ரவி வர்மாவுக்கு யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாக இருந்த மாதவராவ். கேட்டு வந்த எல்லோருக்கும் கையால் வரைந்து கொடுப்பது ஒரு மனிதனால் ஆகிற காரியமல்ல. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. பிறகு லோனாவாலா பக்கத்தில் மளவலிக்கு மாறியது. அதுவரை அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த ஓவியம் சாதாரண வீட்டுப் பூஜை அறைக்கு வந்தது. கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்ட மக்களும் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டில் மாட்டிக் கும்பிட முடிந்தது. இத்தனை பெரிய காரியத்தைச் செய்த தாளை, அதன் பெயரைச் சொல்லி விற்க வெட்கப்பட்டு, ஓவியம் என்று வேஷம் போட வைப்பது அநியாயம். வாங்குபவரிடம் சொல்லும் பொய் ஒரு பக்கம். ரவி வர்மா விரும்பிச் செய்த வேலையை மட்டம் தட்டுவது இன்னொரு பக்கம்.

ஜரிகைக்கும் அதே நியாயம்தான். அச்சடித்த படத்துக்குப் பட்டுத் துணி, ஜரிகை, சமிக்கி, மணி வைத்து அலங்கரிப்பது உங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறையவே நடந்தது. ஆயிரம் பிரதிகளில் உங்கள் ஒன்றை மட்டும் வேறாக ஆக்கியது அந்தக் கைவேலை. விவரம் தெரிந்த சேகரிப்பாளர் அதைத் தேடித்தான் வருவார். பிரித்தால் பசைக்கறையும் கிழிந்த வார்னிஷும்தான் மிஞ்சும். ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. பழைய சட்டத்தையும் கண்ணாடியையும் மாற்ற வேண்டாம்.

படத்தின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ரவி வர்மா அச்சகம்' என்று இருந்தால் மட்டும் படம் அவருடையது ஆகிவிடாது. அச்சகத்தை அவர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1906-இல் ரவி வர்மா மறைந்த பிறகும் பல்லாண்டுகள் அது ஓடியது. துரந்தர் போன்ற மற்ற ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. அந்த வரியை போட்டோ எடுத்து வாங்குபவரிடம் காட்டுங்கள்.

சிங்கப்பூர் யோசனையை விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவி வர்மாவின் படைப்புகள் 1979-இலேயே தேசியக் கலைப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டவை. மகன் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் படம் எந்த வகையில் சேரும் என்ற சந்தேகம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பழம்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வாங்க வருபவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

படத்தை ஸ்கேன் எடுத்துப் புது அச்சுப் போட்டு விற்க நினைத்தால் தாராளமாகச் செய்யலாம். ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் தாண்டினால் பதிப்புரிமை முடிந்துவிடும். மறுஅச்சு என்றும் எந்த ஆண்டு அச்சானது என்றும் படத்திலேயே போட்டுவிடுங்கள். காலண்டர் சாமிப் படங்கள் வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் 1976-இல் காலமானவர், உரிமை இன்னும் முடியவில்லை.

மூலப் படத்தை விற்பதானால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு மூன்று கடைகளில் காட்டி விலை கேளுங்கள். அவசரப்பட்டு முதல் கடையிலேயே முடித்துவிடாதீர்கள். விற்கும் ரசீதில் 'ஓலியோகிராஃப் அச்சு, ஜரிகை வேலையுடன்' என்று எழுதி, அளவையும் அடியில் இருக்கும் அச்சக வரியையும் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள்.