தொட்டால் சுரீர்... காபி மெஷினா, வீட்டு வயரிங்கா?

கேள்வி: மகன் சிங்கப்பூரிலிருந்து எஸ்பிரசோ மெஷின் கொண்டுவந்தான். எங்களுடையது பழைய வளவு வீடு, மரச்சட்டத்துக்குள் ஓடும் வயரிங். மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது, டெஸ்டரும் எரிகிறது. மெஷின் கோளாறா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: மெஷினைக் குறை சொல்லுமுன் எர்த்தைப் பாருங்கள். சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதில் சிக்கலில்லை. இத்தகைய மெஷின்கள் பலவற்றில் மின் இரைச்சலை வடிக்கச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியே கசியும் துளி கரண்ட் எர்த்தில் இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் மெஷினின் உடம்பில் 115 வோல்ட் வாக்கில் நிற்கும். அதுதான் சுரீர். ஹீட்டர் உள்ளே உடைந்தால் முழு 230 வோல்ட்டும் அதே உடம்புக்கு வரும். அது உயிருக்கே ஆபத்து. எர்த் சரியாகும்வரை மெஷினைப் போடாதீர்கள்.

முதலில் அடாப்டர். சிங்கப்பூர் பிளக்குக்குப் போடும் மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் முனை எதையும் தொடுவதே இல்லை. அதைத் தூக்கிப்போட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 16 ஆம்பியர் பிளக் மாட்டுங்கள்: பச்சை-மஞ்சள் வயர் பெரிய முனைக்கு, பழுப்பு பேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு. 1,450 வாட் மெஷின் 6.3 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் பாயிண்ட் அதற்குப் போதாது.

அடுத்தது சாக்கெட். மரச்சட்ட வயரிங்கில் பெரும்பாலும் இரண்டே வயர்தான். மூன்றாவது ஓட்டை சும்மா இருக்கும். அல்லது யாரோ நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் ஓட்டைக்கு இழுத்து லூப் அடித்திருப்பார்கள். இரண்டாவதுதான் பயங்கரம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினே லைவ் ஆகிவிடும். எலக்ட்ரீசியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் பரவாயில்லை. லோடு ஓடும்போதும் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் லூப்பாக இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேக்குச் சட்டத்தை உடைக்க மனம் வராது, வேண்டவும் வேண்டாம். அடுப்படிக்கு மட்டும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் மூன்றைத் தனிப் பைப்பில் இழுங்கள். எர்த்துக்கு 40 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் ஆழம், சுற்றிலும் கரியும் உப்பும். நம் செம்மண் கோடையில் காய்ந்தால் எர்த் பலவீனப்படும். பின்கட்டில் கிணற்றடி ஈரமுள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். சித்திரை, வைகாசியில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: மெஷின் போட்டு மூன்று நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பை அறுக்கும் சுவிட்ச்) விழுகிறது. அதை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுக்கலாம் என்கிறார் எலக்ட்ரீசியன்.
- வாசகர், காரைக்குடி

பதில்: கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அறுக்கத்தான் அது இருக்கிறது. சூடேறிய பிறகு விழுவதால் ஹீட்டர் மேல்தான் சந்தேகம். ஹீட்டர் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி இருக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அது ஈரம் உறிஞ்சும். போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் வெடித்தாலும் இதே கதைதான்.

பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, ஹீட்டரின் இரு வயர்களையும் பிரியுங்கள். 1,200 வாட் என்றால் இரு முனைக்கு நடுவே 44 ஓம் அளவு வரும். இது சரியாக இருந்தும் கசியலாம். எனவே முனைக்கும் உடம்புக்கும் 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் கசிவுதான். சாதா மீட்டர் இதைக் காட்டாமல் ஏமாற்றும். ஈரம்தான் காரணமென்றால் ஹீட்டரைக் காயவைத்ததும் அளவு ஏறும். ஏறாவிட்டால் மாற்றுங்கள். கேஸ்கெட் ஒழுகி டெர்மினலில் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஓராண்டு மெஷினில் கருகல் வாசனை. தயாரிப்பே மட்டமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: திறந்தால் ஹீட்டர் முனையில் மாட்டிய 6.3 மி.மீ. ஸ்பேட் கனெக்டர் (வயர் நுனியில் இருக்கும் தட்டையான சொருகி) கருத்திருக்கும். பம்ப் ஓடும்போதெல்லாம் அதிரும். சரியாகக் கிரிம்ப் செய்யாத (கருவியால் வயரோடு இறுக்கி நசுக்காத) முனை தளர்ந்து சூடாகும். புதிய ஸ்பேடைக் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் வேண்டாம், அந்தச் சூட்டில் இளகிவிடும். பாய்லர் பக்கம் சிலிக்கான் வயர்தான் இருக்க வேண்டும்; அங்கே 70 டிகிரி பி.வி.சி. வயர் ஓடினால் தயாரிப்பு மட்டம்தான். தெர்மல் ஃப்யூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்துகொள்ளும் ஃப்யூஸ்) போயிருந்தால் அதே டிகிரிக்குப் புதிதாகப் போடுங்கள். ஃப்யூஸுக்குப் பதில் குறுக்கே வயர் போட்டுத் தரும் கடையிலிருந்து மெஷினைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.