பெயிண்ட் அடித்த சுவரில் எவ்வளவு தேய்த்தும் போகாத கறையை எப்படி எடுப்பது?

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். கறையைக்கூட எப்படியாவது எடுத்துவிடலாம், தேய்த்த தடம் போகவே போகாது. உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருக்கிறது, கறை பேனாவோ கிரேயானோதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. துணி மடித்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிடம்கூட இருக்காது. சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவரில், நீலப் பால்பாயின்ட் பேனாவால் பெரிய வட்டம் ஒன்று, அதற்குள் இரண்டு கண், வட்டத்திலிருந்தே நேராகக் கீழே இறங்கும் இரண்டு கால். அம்மாவாம். மறுநாள் உறவினர்கள் வருவதாக இருந்ததால் எனக்குப் பதற்றம். ஈரத்துணியில் பேக்கிங் சோடாவைத் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். கோடுகள் கலைந்து நீலப் புகை மாதிரி பரவின. அப்புறம் மெலமைன் ஸ்பாஞ்சை, அதாவது கறை அழிக்கும் வெள்ளை நுரைப் பஞ்சை எடுத்தேன். ஸ்பாஞ்சில் நீலம் வந்தது, கூடவே சுவரின் நிறமும் வந்தது. காய்ந்த பிறகு நேராக நின்று பார்த்தால் லேசான நீலம் மட்டும்தான். சாயங்காலம் ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் பார்த்தேன், என் கை போய் வந்த வழியெல்லாம் பளபளவென்று மினுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் சுவர் மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பூச்சு. அந்த வகைப் பெயிண்டில் நிறம் தரும் தூள் அதிகம், அதைப் பிடித்து வைக்கும் பிசின் குறைவு. மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக இருப்பதால்தான் அது மினுங்காமல் இருக்கிறது. தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு மழுங்கிவிடும். மெலமைன் ஸ்பாஞ்சும் மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்கிறது. ‘எங்கள் வீட்டில் வருடக்கணக்காக அதால்தான் துடைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். பொய் என்று சொல்லவில்லை. அவர்கள் சுவர் பளபளப்புள்ள சாட்டினாகவோ செமி கிளாஸாகவோ இருக்கும், அது தாங்கும்.

பேனா மைக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் (கிருமிநாசினியாகப் பயன்படும் ஒரு ஸ்பிரிட்) லேசாக நனைத்து, கோட்டின் மேல் மட்டும் ஒற்ற வேண்டும். மை ஏறியதும் குச்சியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் எடுத்த மையையே திரும்பப் பூசுவோம். ஆல்கஹால், தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயிண்டையும் இளக்கும். அதனால் சோபா மறைக்கும் இடத்தில் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, கை அழுக்கு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். துணியை நன்றாகப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் ஒரு மாதமாவது ஈரத்துணி படாமல் இருப்பது நல்லது. தொட்டாலே பெயிண்ட் காய்ந்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் முழுதாக இறுகியிருக்காது.

பூஞ்சைக் கறுப்பு என்றால் சிலர் ப்ளீச் போடுவார்கள். அதோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ தயவுசெய்து கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

என் கதை அதோடு முடியவில்லை. மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து அந்த இடத்தில் மட்டும் இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் காலை அதே வட்டம் வெளிறிய நீலத்தில் மேலே வந்து நின்றது. ஈரப் பெயிண்ட் காயும்போது மையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. கடைசியில் கறையைத் தடுக்கும் ஷெல்லாக் பிரைமரை (அரக்கு கலந்த அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவருக்கும் பெயிண்ட் அடித்த பிறகுதான் மறைந்தது. ஒரு திட்டுக்கு மட்டும் அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று வந்தவர்களில் ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, குழந்தை காதில் விழும்படியே, “கண்டித்து வளர்த்திருந்தால் இப்படிச் செய்யுமா?” என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவள் பேனாவையே தொடவில்லை. வெற்றுத்தாளைக் கொடுத்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். சுவரைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள்தான் ஆனது. அந்த வார்த்தையை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. செல்லம் கொடுக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது அந்தச் சுவரில் அவள் உயரத்துக்குப் பெரிய தாள் ஒட்டியிருக்கிறேன், நிரம்பியதும் மாற்றிவிடுவேன். பெயிண்டின் ஷேட் நம்பரும் ஃபினிஷும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது. உங்கள் சுவர் எந்த ஃபினிஷ் என்று தெரிந்தால் சொல்லுங்கள். தெரியவில்லையென்றால், மறைவான இடத்தில் ஈரவிரலால் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளை மாவு ஒட்டினால் அது சுண்ணத்தூள் கலந்த டிஸ்டம்பர் பூச்சாக இருக்கலாம், அதற்குத் தண்ணீரே ஆகாது.