ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே சேற்றிலிருந்து வரும் நோய்

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறேன். ஐம்பத்தைந்து வயது, சீனி வருத்தமும், காலில் ஆறாத புண்ணும் உண்டு. மழை தொடங்கிய பின் என் ஆடுகளில் இரண்டு மெலிந்து, மூக்கால் சளி வடித்து இறந்தன; இன்னொன்றின் கழுத்தில் சீழ்க்கட்டி. மெலியோய்டோசிஸாக இருக்கலாம் என்கிறார்கள். அது எனக்கும் தொற்றுமா? எலிக்காய்ச்சலுக்குத் தரும் குளிசை போதுமா?

பதில்: ஆட்டிலிருந்து மனிதருக்கு மெலியோய்டோசிஸ் தொற்றுவது மிக அரிது. இதை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்னும் பக்டீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. உங்கள் ஆடுகளுக்கு வந்தது இந்நோய்தான் என்றால், அவை மேய்ந்த சேற்றிலிருந்தே வந்திருக்கும், உங்களுக்கு வருவதானாலும் அங்கிருந்தே வரும். எனவே ஆட்டைவிட உங்கள் காற்புண்ணே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

கோடையில் மண்ணின் ஆழத்தில் கிடக்கும் இக்கிருமி மாரிமழையோடு மேல்மட்டத்துக்கு வருகிறது. பெரும்போகத்துக்காக நாம் சேற்றில் இறங்குவதும் அதே நாட்களில்தான். தோலின் சிறு வெடிப்பு வழியாகவும், குடிநீர் வழியாகவும், கடும் மழைக்காற்றின்போது மூச்சு வழியாகவும் அது உட்புகலாம். திடகாத்திரமான பலருக்கு எந்த வருத்தமும் காட்டாமலே போய்விடும் இக்கிருமி, நீரிழிவு உள்ளவர்களின் நுரையீரலிலும் இரத்தத்திலும் பரவி, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி, சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும். ஆகவே கூலிக்கு ஆள் பிடித்தாவது, புண் ஆறும்வரை வயலில் இறங்காதிருங்கள். இறங்கியே ஆகவேண்டுமென்றால் நீர் புகாதபடி புண்ணை மூடி, முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து அணிந்து, கரையேறியதும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

எலிக்காய்ச்சலுக்குத் தரும் டொக்சிசைக்ளினைச் சொன்னபடி எடுங்கள். ஆனால் அது மெலியோய்டோசிஸைத் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இதற்குத் தடுப்பூசியும் கிடையாது.

கிருமி புகுந்து பெரும்பாலும் 1 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சலோ இருமலோ தொடங்கும். அப்போது கடையில் மருந்து வாங்கி நாட்களைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போய், நீரிழிவு, புண், வயல்வேலை, ஆடுகள் இறந்தது ஆகிய நான்கையும் வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இலங்கையில் 1927 இலேயே பதிவான நோய் இது. ஆனாலும் சாதாரண நிமோனியாவாகவோ காசநோயாகவோ தோற்றம் காட்டுவதால் எளிதில் தவறிவிடுகிறது. பென்சிலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் இது அடங்காது. இரத்தத்தையோ சீழையோ எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தே உறுதிசெய்ய முடியும். செப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது பத்து நாட்களும், அதன்பின் கோட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதங்களும் தேவை. காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பி வருவதுண்டு.

ஆட்டின் கழுத்துக் கட்டி வேறு கிருமிகளாலும் வரும். அதை நீங்கள் கீறவேண்டாம்; கால்நடை வைத்தியர் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். மடி வீங்கிய ஆட்டின் பாலைத் தவிர்த்து, ஏனையவற்றின் பாலை நன்கு காய்ச்சிக் குடியுங்கள். கொட்டிலை வெள்ளம் நிற்காத மேட்டில் பரணிட்டு அமையுங்கள். இனி ஏதும் இறந்தால் தோலுரிக்காமல், வாய்க்காலில் எறியாமல், கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.