பாலீஷ் போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா மேகமலை எஸ்டேட் துரை ஒருவரிடம் வாங்கிய இரட்டைக்குழல் ரைபிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் செய்தது. 470 என்று பொறித்திருக்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். லைசென்ஸ் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. எனக்கு வேட்டை பிடிக்காது, ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் இதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை. கொல்வதற்கென்றே செய்த பொருளை இப்படி ரசிப்பது சரியா? இது வெள்ளைக்கார மோகமா? என்ன விலை போகும்? மதுரையில் தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து, பஃபிங் அடித்து, கறுப்பேற்றி, கட்டைக்கு வார்னிஷ் பூசிச் சுவரில் மாட்டலாம் என்றிருக்கிறேன்.

கே., உசிலம்பட்டி

அன்புள்ள கே.,

இன்னும் பட்டறைக்குக் கொடுக்கவில்லை என்று நம்பி இதை எழுதுகிறேன். கொடுக்காதீர்கள்.

முதலில் சட்டம். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வருடம் சும்மா இருந்திருக்கிறீர்கள். அப்பாவை இழந்த துக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் துக்கம் ஸ்டேஷனில் செல்லாது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் உண்டு. அந்தப் பட்டறைக்காரரையும் சேர்த்து வம்பில் மாட்டிவிடப் பார்த்தீர்களே!

விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மோகமா என்ற கேள்விக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கும்பெனி இந்தச் சீமையில் ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் வருட ஆயுதச் சட்டம் நமக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு அப்புறம் உங்கள் தாத்தா காசு கொடுத்து வாங்கிய ரைபிள் இது. தாராளமாக ரசியுங்கள்.

என்னை உறுத்துவது அந்தப் பஃபிங்தான். சிறுமலை அடிவாரத்தில் இருந்த என் பெரியப்பாவிடம் பழைய ரைபிள் ஒன்று உண்டு. கடலைக் காட்டில் பன்றி இறங்கும் மாதங்களில் ராத்திரியெல்லாம் அதோடு வரப்பில் நடப்பார். நடக்கும்போது அதை ஒரே இடத்தில்தான் பிடிப்பார். அந்த இடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து இரும்பு வெள்ளியாகத் தெரியும். கன்னம் படுகிற இடத்தில் கட்டை கறுத்து வழவழவென்றிருக்கும். பாறையில் விழுந்த தழும்பு ஒன்றும் உண்டு, அதைத் தடவிக்கொண்டேதான் கதை சொல்வார். அவர் போனபின் குடும்பத்தில் ஒருவர் அதைப் பாலீஷ் செய்து கொண்டுவந்தார். விளிம்பெல்லாம் உருண்டு, திருகுத் துளைகள் குழிந்து, செய்தவர் பெயர் பாதி அழிந்து பளபளவென்று இருந்தது. வீட்டில் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்குப் பெரியப்பா இரண்டாம் முறை செத்துப்போனது போலிருந்தது.

உங்களுடையதில் ஆபத்து இன்னும் அதிகம். பழைய இரட்டைக்குழலில் இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். இப்போது கறுப்பேற்றுகிறவர்கள் பெரும்பாலும் கொதிக்கும் கார உப்புத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். அந்தக் காரம் ஈயப் பற்றைத் தின்றுவிடும். அந்தக் காலத்தில் துருவை மெல்ல ஏறவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி துரு ஏற்றி என்று நாள் கணக்கில் செய்தார்கள். விசைப் பக்கத்து இரும்பில் நீலமும் பழுப்பும் கலந்து மேகம் போலத் தெரியும் நிறம், எலும்புக் கரியோடு பெட்டியில் வைத்துச் சூடாக்கி நீரில் அமிழ்த்தி வந்தது. மேல்தோல் அளவே இருக்கும் அதைப் பஃபிங் சக்கரம் ஒரு நிமிடத்தில் தின்றுவிடும். குழலின் அடியில் சோதனைச் சாலை முத்திரைகள் இருக்கும். பர்மிங்ஹாமில் அந்தச் சாலை 1813 முதல் இருக்கிறது. எந்த வெடிமருந்துக்குச் சோதித்த குழல் என்று சொல்வது அந்த முத்திரைதான். அதையும் தேய்த்துவிடுவீர்களா?

தோட்டாவின் அளவைச் சொல்லும் 470 என்ற எண்ணே ஒரு சரித்திரம். கலகக்காரர்கள் கையிலிருந்த அதே அளவு ராணுவத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடும் என்று பயந்து, 1900களின் தொடக்கத்தில் 450 அளவை இந்தியாவுக்குள் வர அரசு தடுத்தது. அதற்கு மாற்றாகத்தான் ஆங்கிலத் துப்பாக்கிக்காரர்கள் 465, 470 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தார்கள். சம்பாவத் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த 275 அளவு ரிக்பி ரைபிளை 2015இல் அதைச் செய்த கம்பெனியே திரும்ப வாங்கியது. காட்டில் அலைந்த தடத்தை வழித்துவிட்டுப் புத்தம் புதிதாக்கி வைத்தால் அதை யார் தேடி வந்து பார்ப்பார்கள்?

நம் ஊருக்கே இந்த வியாதி இருக்கிறது. கோயில்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்தை மழுக்கினோம். பழையது பழையதாகத் தெரிந்தால் நமக்குப் பொறுப்பதில்லை. உங்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம், அந்த ரைபிள் மேல் உங்களுக்குப் பாசம் இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கொல்லும் கருவியை ரசிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அதற்குக் காட்டில் வேலை இல்லை. தாத்தா நடந்த மேகமலை இன்று புலிகள் காப்பகம். சுடாத உங்கள் கையில் அது இருப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

திங்கட்கிழமையே ஸ்டேஷனுக்கோ வியாபாரியிடமோ போய் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் தோட்டா இல்லையென்று பார்த்து, மெல்லிய எண்ணெயை இரும்பில் லேசாகத் தடவுங்கள். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். லைசென்ஸ் விண்ணப்பம் கொடுத்தபின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.