காணியை ஈடு வைக்காதீர்கள், பேராதனையைப் பாருங்கள்

கோப்பாயிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி நான்கு வரிகள், லண்டன் மாமாவைப் பற்றி ஒரு பக்கம். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு, மருத்துவ பீடத்துக்கு மட்டும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எட்டாது போலிருக்கிறது. இதற்காகக் கலங்க வேண்டாம் என்று சொல்லித்தான் தொடங்க நினைத்தேன். காணியை ஈடு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பப் போவதாக எழுதியதைப் படித்தபின் தேற்ற மனம் வரவில்லை. மாமா பாதிச் செலவைத் தருவார், மறுபாதியும் வட்டியும் உங்கள் தலையில். பட்டத்துடன் திரும்பினாலும் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் தேறாமல் இங்கே தொழில் செய்ய முடியாது. அந்தக் காத்திருப்புக் காலத்துக்கும் பணம் அனுப்புவாரா என்று அவரிடமே கேளுங்கள்.

இறைச்சிக் கடையில் ஆட்டிதயம் வாங்கி, பெருநாடி வழியே தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள் என்று முறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். 1895இல் ஜேர்மனியில் ஒஸ்கார் லாங்கென்டோர்ஃப் பிடித்ததும் அதே வழிதான். வெளியே எடுத்த பாலூட்டி இதயத்தின் பெருநாடிக்குள் அவர் இரத்தத்தைப் பின்னோக்கிச் செலுத்தினார். அழுத்தத்தில் வால்வு மூடிக்கொள்ள, இதயவறைக்குள் நுழைய முடியாத இரத்தம் இதயத்தசைக்கு ஊட்டம் தரும் முடியுரு நாடிகளுக்குள் திரும்பியது. துடிப்பை இதயம் தானே உண்டாக்குவதால், உடல் இல்லாமலே அது மணிக்கணக்கில் துடிக்கும்.

எலியின் இதயத்துக்கு ஒட்சிசன் ஏற்றிய உப்புக் கரைசலே போதும். பன்றியின் சிறுநீரகம், ஈரல் என்று பெரிதாகும்போது ஒட்சிசனைச் சுமக்கும் இரத்தச் செங்குழியங்கள் தேவைப்படுகின்றன. உறையாதிருக்க ஹெப்பரின் கலந்த இரத்தத்தை 37 பாகை வெப்பத்தில் வைத்து, ஒட்சிசன் ஏற்றிப் பம்பினால் ஓட்டுவார்கள். பம்பு கடுமையாக இயங்கினால் செங்குழியங்கள் உடையும், குழாயில் ஒரு காற்றுக் குமிழி நுழைந்தால் நுண்குழாய்கள் அடைபடும். சரியாக அமைந்தால் மேசைமேல் இருக்கும் சிறுநீரகம் சிறுநீர் சுரக்கும்! அதில் ஒரு மருந்தைச் செலுத்தினால், வேறு உறுப்புகளின் குறுக்கீடு இல்லாமல் அதன் விளைவை அளக்கலாம். இறைச்சிக்காக வெட்டிய விலங்குகளின் உறுப்பையும் இரத்தத்தையும் பயன்படுத்தும் ஆய்வுகூடங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில், கொடையாளி ஒருவரின் நுரையீரலை இப்படி உடலுக்கு வெளியே வைத்துச் சோதித்த பிறகே இன்னொருவருக்குப் பொருத்தினார்கள்.

உறுப்புகளை உடலுக்கு வெளியே இயங்கவைத்து ஆராயும் இந்தத் துறைக்கான வாசல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம். விலங்கின் உடற்றொழிலியல், மருந்தியல், சத்திரசிகிச்சை எல்லாம் அங்கே ஒரே பட்டத்தில் கிடைக்கின்றன, கல்விக் கட்டணமும் இல்லை. வெட்டுப்புள்ளி வழக்கமாக மருத்துவத்தைவிடக் குறைவு. "மாட்டு வைத்தியரா?" என்று பெரியம்மா முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வட்டி கட்டப்போவது அவர் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தும் இந்தப் பக்கம் வரலாம், ஆனால் சத்திரசிகிச்சைப் பழக்கம் குறையும். பட்டத்துக்குப் பின் ஆய்வுக்காக வெளிநாடு போக வேண்டிவரும். உதவித்தொகையுடன் கூடிய ஆய்வு இடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கட்டும், கடனில் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

கடையில் இதயம் வாங்குவது வேறு, மயக்கமருந்து கொடுத்த விலங்கிலிருந்து அதை எடுப்பது வேறு. அதற்கு மனம் ஒப்புமா என்று மகளிடம் தனியாகக் கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் நான் எழுதியதையும் ஒதுக்கிவிடுங்கள். ஒப்பினால், பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையை அவளே நிரப்பட்டும். மருத்துவத்துக்கு அடுத்த இடம் மிருக வைத்தியத்துக்கு.