மலிவு மாடல் விட்டால் என்னவாம்?

கேள்வி: வளரும் நாடுகளில் விலை உயர்ந்த ஸ்மார்ட்ஃபோன்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதையே அங்குள்ளவர்களின் வருமானத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் மலிவாக்கி ஒரு மாடல் விட்டால் சக்கைப்போடு போடுமே! இந்த எளிய கணக்குகூடவா இவர்களுக்குத் தெரியாது?

பதில்: தெரியும். அந்தக் கணக்கைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டும் ஆயிற்று. 2013 செப்டம்பரில் ஆப்பிளின் ஐஃபோன் 5எஸ்ஸோடு 5சி என்று ஒன்று வந்தது. பிளாஸ்டிக் முதுகு, கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், உள்ளே பெரும்பாலும் முந்தைய ஆண்டின் சரக்கு. சீனாவையும் இந்தியாவையும் வளைத்துப்போட மலிவு ஐஃபோன் வருகிறது என்று அது வருமுன்பே எழுதித் தள்ளினார்கள். வந்ததும் பார்த்தால் சீனாவில் 5சி 4,488 யுவான், 5எஸ் 5,288 யுவான். நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம் கொடுக்க முடிந்தவர், இன்னொரு 800 போட்டு நிஜமானதையே வாங்கிவிட மாட்டாரா? வாங்கினார்கள். நினைத்ததைவிட 5எஸ் பக்கம்தான் கூட்டம் சாய்ந்தது என்று 2014 ஜனவரியில் ஆப்பிளின் அன்றைய தலைமை அதிகாரி டிம் குக்கே முதலீட்டாளர்களிடம் சொன்னார்.

'இன்னும் குறைத்திருக்கலாமே' என்பீர்கள். எதுவரை? அதே 2013-ல் சீன நிறுவனமான ஷாவ்மி தன் ரெட்மி ஃபோனை 799 யுவானுக்கு விற்றது. அதாவது 5சி-க்கும் 5எஸ்ஸுக்கும் இருந்த வித்தியாசத்துக்கு அங்கே ஒரு முழு ஃபோனே கிடைத்தது. அந்தப் போட்டிக்குள் இறங்கினால் லாபமும் போகும், பேரும் போகும்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது வேறு. வருமானம் குறைந்த நாட்டில் இருப்பவருக்குக் குறைத்த ஃபோன் போதும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். அவர் கேட்பது குறைத்த ஃபோனை அல்ல. முழு ஃபோனைக் குறைந்த பணத்துக்கு. அதற்குப் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. போன வருஷ மாடலின் விலையை இறக்கினால் போதும். பல ஆண்டுகளாக நடப்பது அதுதான். அதனால்தான் 2017-ல் இந்தியாவில் பாகங்களைப் பூட்டி ஐஃபோன் தயாரிக்கத் தொடங்கியபோதும் புத்தம் புது மாடலைத் தொடவில்லை. முந்தைய ஆண்டின் எஸ்இ மாடலை எடுத்தார்கள்.

மிச்ச வேலையைத் தவணை பார்த்துக்கொள்கிறது. 2008 ஆகஸ்டில் ஐஃபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். அமெரிக்காவில் அது 199 டாலர், அன்றைய மதிப்பில் பத்தாயிரத்துக்கும் கீழே. பகல் கொள்ளை என்று கொதித்தவர்கள் அமெரிக்க விலையோடு இரண்டு வருட ஒப்பந்தம் ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. அங்கே ஃபோன் விலையின் பெரும்பகுதியை நெட்வொர்க் கம்பெனி முதலில் ஏற்றுக்கொண்டு மாதக் கட்டணத்தில் வசூலித்தது. முன்பணம் கட்டிப் பேசும் (ப்ரீபெய்டு) நாடுகளில் அது நடக்காது. வாடிக்கையாளர் அடுத்த மாதமே சிம்மை மாற்றிவிடுவார். ஆகவே முழு விலையும் அப்பட்டமாகக் கண்ணில் படும். அந்த இடத்துக்கு இப்போது வங்கிகள் வந்திருக்கின்றன. கிரெடிட் கார்டில் பூஜ்ய வட்டித் தவணை என்பதே ஏமாற்று என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் வட்டி எங்கும் ஓடிவிடவில்லை. அதே தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டி, பிறகு வட்டியாக வாங்கிக்கொள்கிறார்கள்.

விலையைப் பற்றிக் கோபப்பட்டே தீருவது என்றால், சரியான இடத்தில் கோபப்படுங்கள். 2023-ன் ஐஃபோன் 15 அமெரிக்காவில் 799 டாலர். இந்தியாவில் 79,900 ரூபாய். டாலர் அப்போது சுமார் 83 ரூபாய். பெருக்கினால் 66,000 சொச்சம். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்வதில்லை. இந்திய விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேர்த்தால் 78,000-ஐத் தாண்டிவிடும். ஆக, வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. கொள்ளை இதில் இல்லை.

இப்போது 15 ப்ரோவை எடுங்கள். 999 டாலர், இந்தியாவில் 1,34,900 ரூபாய். அதே கணக்குப்படி 98,000-க்குள் முடிந்திருக்க வேண்டும். 15 உள்நாட்டிலும் பூட்டப்பட்டது. ப்ரோ அந்த ஆண்டு இறக்குமதி. அதற்கு அப்போது 20 சதவீதம் சுங்கம். சுங்கத்தையும் அதன் மேல்வரியையும் தாராளமாகவே கூட்டிப் பார்த்தேன். அப்போதும் பதினைந்தாயிரத்துக்கு மேல் மிஞ்சி நிற்கிறது. ரூபாய் சரியுமோ என்ற பயத்துக்குக் கொஞ்சம் போகட்டும். மீதி? எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள் என்ற தைரியம்.

அந்தத் தைரியம் பொய்யும் அல்ல. உள்நாட்டுத் தயாரிப்பின் பங்கு 40 சதவீதம் இல்லை என்று 2024 அக்டோபரில் இந்தோனேசியா ஐஃபோன் 16-ஐ விற்கவிடாமல் நிறுத்தியது. பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரத் தடையில்லை, கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் கடைக்கு வந்தது.

இதைவிட எரிச்சலானது, காசை முழுசாக வாங்கிக்கொண்டு சரக்கைக் குறைப்பது. சில சமயம் சரக்கே வராது. 2019-ல் கூகுளின் பிக்ஸல் 4-ல் கையசைவை அறியும் சின்ன ராடார் இருந்தது. அதற்கான 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இந்தியாவில் அனுமதி இல்லை, ஃபோனையே இங்கே இறக்காமல் விட்டுவிட்டார்கள். சரி, நியாயம். அடுத்த ஆண்டு பிக்ஸல் 5-ல் ராடாரும் இல்லை, ஆனாலும் ஃபோன் வரவில்லை. 2022-ல் பிக்ஸல் 7 வரும்வரை கூகுளின் உயர்ரக ஃபோன்களுக்கு இதே கதை. அதே 2022 அக்டோபர் 1-ல் இந்தியாவில் 5ஜி தொடங்கியது. 2020-லிருந்தே 5ஜி ஃபோன் என்று விற்கப்பட்ட ஐஃபோன்களில் அதை இயக்கும் மென்பொருள் டிசம்பரில்தான் எல்லாருக்கும் கிடைத்தது. 14 ப்ரோவுக்கு 1,29,900 ரூபாய் கொடுத்தவர் அதுவரை 4ஜி-யில் உட்கார்ந்திருந்தார். மலிவு மாடலுக்காக நீங்கள் வாதாடும் நேரத்தில் கொஞ்சம் இவருக்காகவும் வாதாடியிருக்கலாம்.